விறகு அடுப்பில் புகைக்கரியைக் குறைப்பது எப்படி?

எங்கள் ஊரில் கேஸ் இல்லாத வீடு அநேகமாக இல்லை. விறகு அடுப்பு இல்லாத வீடும் அநேகமாக இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் யார் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தாலும் ஒரு சாய்ப்பு இருக்கும், அதன் கீழ் ஒரு மண் அடுப்பு இருக்கும், அதற்கு நேர் மேலே கூரை கன்னங்கரேல் என்று இருக்கும். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது, தீபாவளிக்கு அதிரசம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு என்று விறகுக்கு ஒரு வேலை வந்துகொண்டே இருக்கிறது. சிலிண்டரை இன்னும் பத்து நாள் இழுத்துப் பிடிக்கலாமே என்ற கணக்கும் உண்டு.

நான் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள். "விறகை விட்டுவிடுங்கள் அத்தை" என்றால் என் மாமியாரே காதில் போட்டுக்கொள்ள மாட்டார். முழுச் சமையலையும் கேஸுக்கோ கரண்டுக்கோ மாற்ற முடிந்தவர்கள் மாற்றிவிடுங்கள், அதைவிட நல்ல வழி கிடையாது. முடியாதவர்கள் வீட்டு அடுப்பு எப்படியும் நாளைக் காலையில் எரியத்தான் போகிறது. அது கரி குறைவாக எரிய என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கரண்டி வேலை

சாமி விளக்கை ஏற்றுங்கள். ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பைத் துணியால் பிடித்துக்கொண்டு, அதன் குழிந்த பகுதியின் அடியைச் சுடரின் மஞ்சள் பாகத்துக்குள் நுழையுங்கள். இரண்டு மூன்று நொடியில் கறுப்பாகப் பஞ்சு மாதிரி படிந்துவிடும். கரண்டியைத் துடைத்துவிட்டு இந்த முறை சுடருக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். திரி சரியாக எரிகிற விளக்காக இருந்தால் ஏறத்தாழ ஒன்றும் படியாது.

அந்தக் கரி எங்கே போயிற்று? சுடரின் நுனியில் எரிந்துபோயிற்று. தீ மஞ்சளாகத் தெரிவதே உள்ளே கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதால்தான். போதுமான சூடும் காற்றும் இருந்தால் அவை நுனிக்குப் போய்ச் சேருவதற்குள் எரிந்து முடியும். நடுவில் குளிர்ந்த ஒரு பொருள் குறுக்கிட்டாலோ, காற்று போதாமல் போனாலோ எரியாமல் தப்பித்து வெளியே வரும். விறகு அடுப்பிலும் இதே கதைதான். பாத்திரத்தின் அடியில், கூரையில், நம் நெஞ்சில் படிவதெல்லாம் எரியாமல் தப்பிய விறகு. கரி குறைந்தால் விறகும் கொஞ்சம் மிச்சமாகும் என்று சொன்ன பிறகுதான் என் மாமியார் நான் பேசுவதைக் கவனிக்க ஆரம்பித்தார்.

உங்கள் அடுப்பில் என்ன கோளாறு என்று அறிய அடுப்புக்கு மேலே கூரையை விரலால் தொட்டுப் பாருங்கள். உதிரியாக, ஊதினால் பறப்பதாக இருந்தால் தீ நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் பாத்திரத்தில் முட்டுகிறது அல்லது காற்று போதவில்லை. பிசுபிசுவென்று பளபளப்பாக, தார் மாதிரி கையில் ஒட்டினால் விறகில் ஈரம். எங்கள் பக்கம் நான் பார்த்ததில் இரண்டாவதுதான் அதிகம்.

விறகு

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும், அதனால் இதற்குக் கொஞ்சம் மெனக்கெடுங்கள். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, ஒரு கிலோ காய்ந்த விறகு தரும் சூட்டில் ஆறில் ஒரு பங்கு செலவாகும். அதுகூடப் பரவாயில்லை. அந்த ஆவி தீயைக் குளிரவைத்துவிடுவதுதான் பெரிய கெடுதல். சூடு இறங்கினால் விறகிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்காமல் வெள்ளைப் புகையாகவே கிளம்பிவிடும். கண் எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

மாசி, பங்குனியில் வெட்டி, சித்திரை வைகாசி வெயிலைக் காட்டி, மழைக்கு முன்னால் சாய்ப்புக்குள் அடுக்கிவிட வேண்டும். கட்டையாகவே போட்டால் வருஷம் ஆனாலும் நடுவில் ஈரம் இருக்கும். மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் இருப்பதைப் பிளந்துவிடுங்கள். தரையில் நேராக வைக்காமல் இரண்டு கல், அதன்மேல் ஒரு கட்டை என்று தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களைத் தார்ப்பாயால் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டினால் உள்ளுக்குள்ளேயே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கீற்றுக் கீற்றாக வெடிப்பு விட்டிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரமானது சொத்தென்று கேட்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் அடையாளம் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை தராசில் எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்தது. அடுப்பில் வைத்த விறகின் மறுமுனையில் சொய்ங்கென்று நுரை கட்டினால் அந்த விறகை உடனே வெளியே இழுத்து, நாளைக்கு வெயிலில் போடுங்கள்.

சவுக்கு எங்களுக்குத் தாராளம். நன்றாகக் காய்ந்த சவுக்கு மாதிரி மரியாதையாக எரிகிற விறகு வேறில்லை. முந்திரி விறகு பரவாயில்லை, ஆனால் முந்திரிக்கொட்டையின் மேலோடு வேண்டவே வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் அது மலிவாகக் கிடைக்கிறது என்று சாக்கில் வாங்கி வருபவர்கள் உண்டு. அந்த ஓட்டில் உள்ள எண்ணெய் தோலையே புண்ணாக்கக்கூடியது. அதை எரித்து வரும் கெட்டிக் கறுப்புப் புகை தொண்டைக்கும் கண்ணுக்கும் என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோல், கரும்புச் சோகை போன்றவை பொசுக்கென்று பிடித்து, காற்று போதாமல் திணறிப் புகையும். போடுவதென்றால் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள்.

பற்றவைக்க சைக்கிள் டியூப் துண்டு, பாலிதீன் கவர், மண்ணெண்ணெய் ஊற்றிய துணி, இந்த மூன்றையும் நிறுத்துங்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரியும்போது சுருள் சுருளாக எழும் கறுப்புப் புகையைப் பார்த்தாலே தெரியும், அது ஏறத்தாழ முழுக்கக் கரி. காய்ந்த தென்னம்பாளையைக் கீறியது இரண்டு, ஒரு பன்னாடை, மேலே பென்சில் கனத்துச் சுள்ளி, இவை போதும். கொட்டாங்குச்சி ஒன்று சேர்த்தால் ஈரக்காற்றடிக்கும் கார்த்திகையிலும் பிடித்துக்கொள்ளும்.

அடுப்புக்குள் காற்று

பெரும்பாலானவர்கள் அடுப்பு வாயை விறகால் அடைத்துவிட்டு, பிறகு ஊதாங்குழலோடு உட்கார்ந்து ஊதுவார்கள். வாயில் பாதிதான் விறகுக்கு, மீதி காற்றுக்கு. அதுவும் காற்று விறகின் அடியிலிருந்து வர வேண்டும். சாம்பல் மெத்தைமேல் படுத்திருக்கும் விறகுக்கு அடியிலிருந்து காற்று எப்படி வரும்?

வெல்டிங் பட்டறையில் 8 எம்எம் கம்பியில் ஒரு சின்னத் தட்டு அடித்து வாங்குங்கள். கம்பிக்குக் கம்பி ஒரு விரல் இடைவெளி. அடுப்பு வாயின் அகலத்துக்கு, உள்ளே ஒரு முழத்துக்குக் குறைவான நீளம். அதை இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஓட்டுத்துண்டு வைத்து நிறுத்தி, விறகை அதன்மேல் வையுங்கள். சாம்பல் கீழே விழும், காற்று கீழே நுழையும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் மேவார் அங்கீட்டி என்று பழைய மண் அடுப்புக்குள் சொருகும் ஒரு இரும்புத் தட்டைப் பரப்பினார்கள், அதுவும் இதே யோசனைதான். அடுப்பை இடிக்க வேண்டாம், புதிதாகக் கட்ட வேண்டாம் என்பதால் இதற்கு வீட்டில் எதிர்ப்பு வராது. தினமும் அடியில் சேரும் சாம்பலை வாரிவிட வேண்டும், அவ்வளவுதான்.

விறகின் நுனி மட்டும் எரியட்டும். எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். நாலு விறகை மொத்தமாகத் திணித்தால் நாலும் ஒரே நேரத்தில் வாயுவைக் கக்கும், அதற்கு ஈடாகக் காற்று வராது. வெந்நீர் வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போகிறவர்கள் செய்வது இதுதான், திரும்பி வரும்போது சாய்ப்பே புகைமூட்டமாக இருக்கும். ஊதத்தான் வேண்டும் என்றால் தணலைப் பார்த்து ஊதுங்கள், சுடரைப் பார்த்து ஊதினால் சுடர் குளிரும்.

அடுத்தது குமிழ். பாத்திரம் உட்காரும் மூன்று குமிழும் தேய்ந்து, பாத்திரம் அடுப்பின் விளிம்பில் அப்பிக்கொண்டிருக்கும் அடுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியேற வழியில்லாமல் புகை முன்பக்கமாக வந்து சமைப்பவர் முகத்தில் அடிக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் அளவு இடுக்கு இருக்கும்படி குமிழைக் களிமண்ணால் மறுபடி பிடித்துவிடுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் சூடு வீணாகும். விறகுக்கும் பாத்திரத்தின் அடிக்கும் ஒரு சாணாவது இருந்தால் சுடரின் நுனி ஓரளவு முழுசாக எரிந்து முடிகிறது. கரண்டியை நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சமையல் முடிந்த பிறகு

நாள் முழுவதிலும் அதிகப் புகை வருவது பல வீடுகளில் சமைக்கும்போது அல்ல, முடித்த பிறகுதான். பாதி எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். அது இன்னும் அரை மணி நேரம் புகைந்துகொண்டிருக்கும், பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். சோறு வடிக்கிற சமயத்திலேயே விறகு தள்ளுவதை நிறுத்தி, மிச்சத்தில் ரசத்தையோ வெந்நீரையோ ஏற்றிவிட்டால் துண்டு தானாக எரிந்து தீரும். தணலை மூடியுள்ள மண்பானையில் அள்ளிப் போட்டு மூடினால் அடுப்புக்கரியாகி அடுத்த நாள் பற்றவைக்க உதவும்.

ஒரு எச்சரிக்கை. தணலில் புகை தெரியாது, கரி தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கும் என்று தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். கொடைக்கானலில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி பேப்பரில் வந்திருக்கிறது.

புகைபோக்கி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகு. 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, 2002 வரை நடந்தது. நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் கட்டினார்கள். எங்கள் பக்கமும் குழாய் வைத்த அடுப்புகள் வந்தன. குழாய் கரியால் அடைத்துக்கொண்டதும் துப்புரவு செய்ய ஆள் இல்லாமல், புகை திரும்ப உள்ளேயே வர, இடித்துவிட்டுப் பழைய அடுப்பையே போட்டுக்கொண்டார்கள். ஈர விறகைப் போடுகிற வரை எந்தக் குழாயும் தாங்காது. அதோடு, குழாய் கரியை அழிப்பதில்லை, நம் அடுப்பங்கரையிலிருந்து தெருவுக்கு அனுப்புகிறது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் அவர்களுக்கு.

தெருவோடும் அது நிற்பதில்லை. சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் முன்னின்று நடத்திய இண்டோயெக்ஸ் ஆய்வில், 1999ல் மாலத்தீவை மையமாக வைத்து விமானங்களும் கப்பல்களும் போய்ப் பார்த்தன. இந்துமாக்கடலின் வடபகுதிக்கு மேலே சுமார் 3 கிலோமீட்டர் கனத்துக்குப் பழுப்பு மூட்டம் கிடந்தது. கடல் பரப்பில் விழும் வெயிலில் ஏறத்தாழ 10 சதவீதத்தை அது தடுத்தது. வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்குவது இந்த மூட்டத்தில் உள்ள கறுப்புத் துகள்தான். அதே துகள் இமயமலைப் பனியில் படிந்தால் வெள்ளை மங்கி, பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சி உருகும்.

ஆனால் ஒன்று, கரியமில வாயு ஒருமுறை மேலே போனால் அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் தங்கும். புகைக்கரி காற்றில் இருப்பது சில நாள் முதல் ஓரிரு வாரம்தான், மழை கழுவிவிடும். இன்றைக்குக் குறைத்தால் அடுத்த மாதக் காற்றிலேயே தெரியும். விறகுப் புகையில் கறுப்புத் துகளோடு வெயிலைச் சிதறடிக்கும் வெளிர் துகளும் கலந்திருப்பதால் அது பூமியை எவ்வளவு சூடாக்குகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் உண்டு. டீசலிலும் மண்ணெண்ணெயிலும் கறுப்பின் பங்கு மிக அதிகம், அங்கே வாதத்துக்கு அவ்வளவு இடமில்லை. திரி போட்ட சிம்னி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரித்துகளாகவே வெளியேறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். கரண்டு போனால் ஏற்ற இன்னும் சிம்னி வைத்திருந்தால், ஒரு சார்ஜர் விளக்கு வாங்கிக்கொண்டு அதைப் பரணில் போட்டுவிடுங்கள்.

சரி, புகைபோக்கிதான் வேண்டும் என்றால்: கூரையின் உச்சியைவிட இரண்டு அடியாவது உயரமாக, வளைவு குறைவாக, பக்கத்தில் மரக்கிளை இல்லாமல் இருக்கட்டும். தகரக் குழாயோ சுட்ட மண் குழாயோ போடுங்கள். பழைய சிமென்ட் குழாயில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதை ரம்பத்தால் அறுக்கவே கூடாது. மாதம் ஒருமுறை அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, கயிற்றில் முழுத் தேங்காய் மட்டையைக் கட்டி மேலிருந்து கீழாக இழுத்துத் துடையுங்கள். தார் மாதிரி பளபளக்கும் கரி குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். ஓலைக் கூரை உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது, குழாய் கூரையைத் தொடும் இடத்தில் ஓலையை ஒரு முழம் விலக்கி வெட்டிவிடுங்கள்.

யாரை அடுப்பிலிருந்து தள்ளி வைப்பது

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதை முதலில் நிறுத்துங்கள். கர்ப்பிணிகள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், வயதானவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் இவை. மூக்கு மயிரோ புடவைத் தலைப்போ வடிகட்டாது. நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து ரத்த ஓட்டத்தையும் பாதிக்கும். குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை வரை இதன் கணக்கு நீளுகிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கரிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு புதிதும் அல்ல. 1775லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களிடம் அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்.

எங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ஹேப்பின் என்று பெயர். இந்தியாவோடு குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் நடந்தது, இங்கே விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் செய்தார்கள். நான்கு நாடுகளிலும் சேர்த்து சுமார் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். விறகில் தொடர்ந்தவர்கள் இழுத்த காற்றில் பிஎம் 2.5 (மேலே சொன்ன மாதிரியான நுண்துகள்) கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தபோது, கேஸுக்கு மாறியவர்களுக்கு 24 அளவுக்கு இறங்கியது. ஆனால் 2022ல் வந்த முடிவுப்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கர்ப்பம் தரித்து ஒன்பது வாரத்துக்கு மேல் ஆன பிறகுதான் அவர்களைச் சேர்த்தார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, கர்ப்பம் ஆனபிறகு மாற்றலாம் என்று காத்திருக்காமல் கல்யாணமாகி வரும் மருமகளுக்கு முதல் நாளிலிருந்தே கேஸ் அடுப்பைக் கொடுத்துவிடலாம் என்பது. இப்படித்தான் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை, என் கருத்து.

மாஸ்க் போடுவதென்றால் என்95 போடுங்கள், முகத்தில் இடைவெளியில்லாமல். துணியை மூக்கில் கட்டுவதால் மனசுக்குத்தான் ஆறுதல். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "அடுப்புப் புகைதான்" என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

படிந்த கரியை எடுப்பது

துடைப்பத்தால் கூரையைத் தட்டாதீர்கள். இத்தனை நாள் மேலே உட்கார்ந்திருந்தது மொத்தமாக மூச்சுக்குள் வரும். நீளக் கழியில் ஈரச் சாக்கைச் சுற்றி ஒற்றி எடுங்கள், தலையில் துணி, முகத்தில் என்95. பிசுபிசுப்பாக உள்ள இடத்தில் வெந்நீரில் சோடா உப்பு கரைத்துத் துடைத்தால் இளகும். பாத்திரத்துக்கு, அடுப்பில் ஏற்றும் முன்பே அடிப்பக்கம் ஈரச் சாம்பலையோ களிமண் குழம்பையோ மெல்லியதாகப் பூசிவிடுங்கள். கரி அதன்மேல் படியும், தண்ணீர் ஊற்றினால் பூச்சோடு கழன்று வந்துவிடும். கல்யாண வீட்டு அண்டாக்களுக்கு இதைத்தான் செய்வார்கள்.

கேஸ் அடுப்பிலும் கரி படிகிறதா? பாத்திரத்தின் அடி கறுத்து, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் பர்னரில் அடைப்பு. அடுப்பு ஆறியபின் பர்னர் மூடியைக் கழற்றி, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கப் போன பிறகு மாட்டுங்கள். அதற்கும் மஞ்சளாகவே எரிந்தால் குழாயைத் தொடாமல் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும்.